சின்ன டிரெய்லரில் போய்த் தங்குபவர்களே, வருஷம் போகப் போக உங்கள் பழக்கம் எப்படி மாறியது?

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டிரெய்லர் 2014-ல் பட்டறையில் சொல்லிச் செய்தது. எட்டடிக்கு ஐந்தடி, இரும்புச் சட்டம், மேலே பிளைவுட் பெட்டி, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுக்களை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்களுக்குத் தனிக் கூடாரம், மடக்கு மேசை, நான்கு நாற்காலி, இரண்டு கேஸ் அடுப்பு என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு போவோம். ஒரே சனி ஞாயிறில் நம் குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சொத்தவிளைக் கடற்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் அப்போது. இப்போது பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேர்தான் போகிறோம், ஒரே இடத்தில் மூன்று நாள் சும்மா இருக்கத்தான் பிடிக்கிறது. மனைவிக்கு முட்டுவலி இருப்பதால் ராத்திரி எழுந்து இறங்குவதும் கஷ்டம்.

தரைப்பலகை ஒரு மூலையில் உளுத்துவிட்டது, எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் எதையெல்லாம் இறக்கினீர்கள், எதை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினீர்கள்?

தோவாளைக் காற்று:

அண்ணே, எனக்கு மாறியது முதலில் பாரம். நானும் அடுக்களை பின்னால் இருக்கிறது என்பதற்காக இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, சிலிண்டர், பாத்திரப்பெட்டி எல்லாவற்றையும் பின்னாலேயே அடுக்கினேன். ஆடி மாசத்தில் முப்பந்தல் தாண்டும்போது பக்கக் காற்று அடித்ததும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது, பிரேக்கைத் தொடாமல் மெல்ல வேகத்தைக் குறைத்துத்தான் நேராக்கினேன், அன்று கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்காவது வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல் அமர வேண்டும். 400 கிலோ டிரெய்லர் என்றால் 40 முதல் 60 கிலோ. ஆள் எடை பார்க்கும் மெஷினை முன்காலுக்குக் கீழே வைத்தே பார்த்துவிடலாம். இப்போது கேன்கள் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) கொஞ்சம் முன்னால், அதுவும் காலியாக. தண்ணீரைப் போகிற இடத்தில் பிடித்துக்கொள்கிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கேயிருந்துதான். அதனால் டிரெய்லர் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்துகிறேன், பின்பக்க அடுப்பு அணையாமல் எரிகிறது. நிழல் துணிக்கென்று வாங்கிய பெரிய கம்பிச் சட்டம் இரண்டு தடவை வளைந்தது, மூன்றாவது தடவை மாட்டவில்லை. ஒரு தார்ப்பாயும் நாலு கயிறும் போதும்.

முட்டம் கடலோரம்:

எங்களுக்கு எதிரி உப்பு. ஐந்து வருஷத்தில் கீல், கொண்டி, போல்ட் எல்லாம் துருப்பிடித்துத் திறக்கவே முடியவில்லை. படிப்படியாக எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கினோம், சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்துக் கால்வனைஸ் செய்துவிட்டோம், கடற்கரையில் நின்று வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கம் கழுவிவிடுகிறோம். சக்கர பேரிங்கை வருஷம் ஒரு தடவை பிரித்து கிரீஸ் வைப்பது கட்டாயம்.

பேட்டரியையும் சொல்ல வேண்டும். முதலில் நூறு ஆம்பியர்-அவர் லெட் ஆசிட், முப்பது கிலோவுக்குக் குறையாது, சார்ஜைப் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுசு போய்விடும். இப்போது அதே அளவு லித்தியம், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ, ஒரு சின்ன ஃபேனும் இரண்டு விளக்கும் இரண்டு ராத்திரி ஓடுகிறது. ஃபேனை மட்டும் ஒரு தடவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தோம், புழுக்கத்தில் தூக்கமே இல்லை, மறுபடி ஏற்றினோம்.

சமையல் ரொம்ப மாறிவிட்டது. முன்பு குழம்பு, கூட்டு, பொரியல் வேண்டும். இப்போது கஞ்சியும் பயறும், காலையில் கரையில் வாங்கும் சாளை மீன், இல்லையென்றால் மரச்சீனிக் கிழங்கு அவித்து மிளகாய்த் துவையல். பாத்திரம் மூன்றுதான்.

குலசேகரம் தோட்டம்:

தக்கலை அண்ணாச்சி, உங்கள் பலகை உளுத்தது கூரை ஒழுகியதால் இருக்காது, அடியில் பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் திருகாணி ஓட்டை வழியாக ஏறித்தான் மூலையை முதலில் தின்னும். புதுப்பலகை போடும்போது விளிம்பையும் ஒவ்வொரு ஓட்டையையும் எபாக்ஸிப் பசை பூசி அடையுங்கள், சக்கரத்துக்கு மேல் மட்கார்டை அகலமாக வையுங்கள்.

நான் மாற்றியது நிறுத்தும் இடத்தை. முன்பு நல்ல நிழல் கிடைத்தால் போதும் என்று ரப்பர் மரத்துக்கடியில்தான் நிறுத்துவேன். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது இங்கே மரங்கள் கண்ணெதிரே முறிந்து விழுந்தன, டிரெய்லர் அன்று வீட்டில் நின்றது எங்கள் நல்லகாலம். அதற்கப்புறம் வெட்டவெளியில்தான் நிறுத்துகிறேன். தை மாசி வந்தால் ரப்பர் இலை உதிர்ந்துவிடும், அந்த நிழலுக்காக ஆபத்தில் நிற்க வேண்டாம். காட்டுப்பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்குவதில்லை, தெரிந்தவர்கள் தோட்டத்தில் கேட்டுவிட்டு நிற்பதுதான் நிம்மதி.

தக்கலைக்காரன்:

அடியில் படுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதே சரி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலைதான். கேன்களையும் முன்னால் மாற்றப் போகிறேன். முட்டுவலிக்கு யாராவது ஏதாவது செய்திருக்கிறீர்களா?

முட்டம் கடலோரம்:

எங்கள் அம்மாவுக்காகச் செய்தோம். பக்கக் கதவைக் கால்மாட்டில் வைக்காமல் இடுப்புக்கு நேராக அகலமாக வைத்தோம், மெத்தை விளிம்பு நிலத்திலிருந்து நாற்காலி உயரம், ஒன்றரை அடியை விடக் கொஞ்சம் கூட. உட்கார்ந்தபடியே திரும்பிக் காலைக் கீழே வைத்துவிடலாம், தவழ வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பி. அதை பிளைவுட்டில் திருகாதீர்கள் அண்ணே, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போடுங்கள், முழு எடையும் அதில்தான் வரும்.