ஜியோரெஃபரன்சிங்: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். நில அளவைப் பட்டயம் முடித்து வரைபடத் துறையில் வேலை தேடும் மாணவர்களுக்கான எங்கள் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பாடத்துக்குத்தான் இன்னும் தலைப்பில்லை. பழைய புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவை வரைபடத்தை, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால் அது வெறும் படம். அதிலுள்ள எல்லைக் கற்களைச் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்த பிறகே அது பூமியில் தனக்குரிய இடத்தில் உட்காருகிறது. சென்ற பதிப்பில் இந்த ஜியோரெஃபரன்சிங்கைப் 'புவிசார் குறிப்பீடு' என்று எழுதியிருந்தோம். "காஞ்சிப் பட்டுக்குக் கொடுப்பார்களே, அதுவா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டார்.

மதுரையிலிருந்து:

மாணவி கேட்டது நியாயம். தொல்காப்பியர் முதற்பொருளாக வைத்த 'நிலம்' இருக்க, வடசொல்லான 'புவி' எதற்கு? படத்தை நிலத்தில் இருத்துவதால் 'நிலத்திருத்தம்' எனலாம். 'இருத்து' என்பது 'இரு' என்பதன் பிறவினை. இருக்கை, இருப்பு, இருப்பிடம் யாவும் அவ்வேரில் கிளைத்தவையே.

சென்னையிலிருந்து:

ஐயா, நீங்கள் நிலத்து + இருத்தம் என்று பிரிக்கிறீர்கள். படிப்பவர் நிலம் + திருத்தம் என்று பிரித்து, மேடுபள்ளத்தைச் சமன்செய்யக் கிளம்பிவிடுவார். நான் பயிற்சி வகுப்பில் 'புவிப்பொருத்தம்' என்கிறேன். படத்தை நகர்த்தி, சுழற்றி, அளவு மாற்றும் முதல்நிலை உருமாற்றத்துக்கு மூன்று புள்ளிகள் போதும் என்றாலும், மூன்றோடு நிறுத்தினால் மென்பொருள் பிழையைச் சுழியம் என்றே காட்டும். நான்காவது கல்லை வைத்தால்தான் குட்டு வெளிப்படும், அப்போது பிள்ளைகள் தாமாகவே "பொருத்தம் பிசகுது மேடம்" என்கிறார்கள். பத்துப் பொருத்தம் என்று சிரிப்பவர்களும் உண்டு. நேர்காணலில் கேட்கப்போவதென்னவோ ஜியோரெஃபரன்சிங்தான். ஆகவே அதையும் தமிழ் எழுத்தில் அருகே போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அட்சரேகை, தீர்க்கரேகை போல இடத்தைக் குறிக்கும் எண்களை நாங்கள் பள்ளியிலேயே 'ஆள்கூறு' என்று படித்தோம். செய்வது ஆள்கூறு இடுவதே என்பதால் 'ஆள்கூறிடல்' என்பது நேரான சொல். அதற்கு உங்கள் சொல்லான 'ஆயத்தொலைவு' என்பதிலிருந்து இப்படி ஒரு வினையை எடுத்துப் பாருங்கள், வாயில் நுழையாது.

மதுரையிலிருந்து:

'ஆள்' பெயர்ச்சொல்லானால், ஆட்கொல்லி போல 'ஆட்கூறு' என்று திரிந்திருக்க வேண்டும். திரியாமையால் அது வினைத்தொகை, ஆளும் கூறு என்று பொருள்படும். இலக்கணத்தில் பழுதில்லை. எனினும் எங்கள் பக்கத்து மாணவர் அதை ஆள் கணக்கெடுப்பு என்றே கொள்வார்.

சென்னையிலிருந்து:

கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் 1794இல் மைக்கேல் டாப்பிங் நடத்திய நில அளவைப் பள்ளி என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். வெள்ளைக்காரர் கொண்டுவந்த அளவுகளில் 66 அடிச் சங்கிலிக்குத் தமிழ்ப் பெயர் அமைந்தது. அதன் நூறு கண்ணிகளோ நில அளவர் வாயில் 'லிங்க்ஸ்' என்றே நின்றுவிட்டன. அதனால் எவருடைய காணியும் குறைந்துவிடவில்லை.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் 'புவிப்பொருத்தம்', முதல் பத்தியில் ஜியோரெஃபரன்சிங், ஈழ வழக்காக 'ஆள்கூறிடல்' ஓர் அடிக்குறிப்பில். கோப்பு இன்றிரவு அச்சகத்துக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

போகட்டும். 'நிலப்பொருத்தம்' என்றாவது வைத்திருக்கலாம். அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.