போலிடெக்னிக்கா, கே.எல். காலேஜா? சின்ன இடத்தில் படித்தால் ஊரில் மதிப்பு குறையுமா?

கேள்வி: பேராக்_அக்கா

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு எஸ்.பி.எம்.மில், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில், 6 கிரெடிட். அரசாங்க உயர்கல்விச் சேர்க்கையான யூ.பி.யூ. மூலம் ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு இடம் வந்திருக்கிறது. அதே நேரத்தில் கே.எல். (கோலாலம்பூர்) பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று டிகிரிக்கு முந்தைய ஃபவுண்டேஷனில் சேரச் சொல்கிறது. டிகிரி வரைக்கும் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் ரிங்கிட் வெள்ளிக்குக் கிட்டே வருகிறது. அப்பா செம்பனை மில்லில் வேலை.

பணத்தை விடப் பேச்சுதான் பெரிய தடையாக நிற்கிறது. "போலிடெக்னிக் என்றால் மார்க் வராத பிள்ளை போகிற இடம். நாளைக்குப் பெண் கேட்டுப் போனால் என்ன சொல்வது?" என்று மாமா கேட்கிறார். அம்மாவும் பாதி நம்பிவிட்டார். படித்த இடத்தின் பேர் நிஜமாகவே மரியாதையைப் பாதிக்குமா? பாதித்தால் எங்கே, எவ்வளவு காலத்துக்கு? சொந்தக் கதை வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் வீட்டில் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: கிந்தா_வழிகாட்டி

தங்கச்சி, பாதிக்கும். இல்லை என்று சொன்னால் அது வெறும் ஆறுதல். ஆனால் பாதிப்பு பெரும்பாலும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வருடங்களோடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கேட்பது "எங்கே படிக்கிறான்?" வேலைக்குப் போனதும் அதே ஆட்கள் "எங்கே வேலை, எவ்வளவு வருது?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு கல்லூரிப் பேரை யாரும் தோண்டுவதில்லை. அரசாங்க வேலையா, கம்பெனியில் நிரந்தரமா, ஷிஃப்டா என்பதுதான் பேச்சு.

ஆகவே பார்க்க வேண்டியது, அந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதை. கட்டடம் பெரிதாக இருந்தும் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்றால் மரியாதை அங்கேதான் நிஜமாக விழுகிறது. படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ. நடத்தும் எம்.க்யூ.ஆர். பதிவேட்டைத் திறந்து கல்லூரிப் பேரைப் போட்டுத் தேடுங்கள். படிப்பின் பேர், அது நடக்கும் கேம்பஸ், அங்கீகார எண், தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். எண்ணில் எஃப்.ஏ. என்று இருந்தால் முழு அங்கீகாரம். பி.ஏ. என்று இருந்தால் தற்காலிகம்தான். புதுப் படிப்புக்கு அது சகஜம், முதல் பேட்ச் கடைசி வருடத்துக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். அதனால் பி.ஏ. என்றால் உடனே ஓட வேண்டாம். ஆனால் பல வருடம் ஆகியும் பி.ஏ.விலேயே நிற்கிறது என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது இரண்டு விஷயத்தில். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் நடக்கும் இடத்துக்கும் தனித்தனி. தலைமை கேம்பஸில் இருக்கும் அங்கீகாரத்தைக் காட்டிக் கிளை கேம்பஸில் சேர்ப்பார்கள். இன்னொன்று 'எக்சிகியூட்டிவ் டிப்ளோமா'. பேரில் டிப்ளோமா இருந்தாலும் அது எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா ஆகாது. அதை வைத்து அரசாங்க வேலைக்கோ டிகிரிக்கோ போக முடியாமல் நிற்கும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரியும்.

மாமாவிடம் இதையும் சொல்லுங்கள். உங்கு ஓமார் 1969-ல் தொடங்கிய நாட்டின் முதல் போலிடெக்னிக். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 3 கிரெடிட் வேண்டும், தம்பிக்கு 6 இருக்கிறது. மார்க் வராத பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதில்: கணக்கு_அக்கா

நான் கடன் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் மா. தோட்டப்புறத்தில் குடும்பத்தின் தலை குனிவது பிள்ளை சின்னக் காலேஜில் படித்ததால் இல்லை. கட்ட முடியாத கடனால்தான்.

போலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 200 வெள்ளி. 6 செமஸ்டருக்கு 1,200. ஹாஸ்டல், சாப்பாடு, லேப்டாப், சேஃப்டி ஷூ, பயணம் எல்லாம் தனி. ஆனாலும் சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். தேவைப்பட்டால் அரசாங்கக் கல்விக் கடனான பி.டி.பி.டி.என். இதற்கும் கிடைக்கும்.

இனித் தனியார் பக்கம். பி.டி.பி.டி.என்.னில் 30,000 வெள்ளி எடுத்து 15 வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். உஜ்ரா என்ற சேவைக் கட்டணம் வருடத்துக்கு 1 சதவீதம், அதாவது 300 வெள்ளி. 15 வருடத்துக்கு 4,500. மொத்தம் 34,500, மாதம் சுமார் 192 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து 1,700. அந்தச் சம்பளத்தில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அறை வாடகை, மோட்டார் தவணை போக இந்த 192 கனம்தான், ஆனால் தாங்கலாம். சிக்கல் மீதி 70,000-ல் இருக்கிறது. அதை எங்கே புரட்டுவது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி. (சேமநிதி), கூட்டுச் சீட்டு, நகை அடகு, கடைசியில் ஆலோங் என்ற வட்டி முதலை.

கே.டபிள்யூ.எஸ்.பி.யில் பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம், அது சட்டப்படி சரியானதே. ஆனால் 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது. புதிதாக விழும் பணத்தில் 75 சதவீதம் ஓய்வுக்கான பெர்சாராஆனுக்கும் 15 சதவீதம் செஜாத்திராவுக்கும் 10 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் ஃப்லெக்சிபலுக்கும் போகிறது. படிப்புக்கு எடுப்பது செஜாத்திராவிலிருந்து. வீடு, மருத்துவம் ஆகியவற்றுக்கும் அதே பகுதிதான். மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் குடும்பம் அப்பா ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வைத்திருந்த பணம் ஃபவுண்டேஷன் கட்டணமாகப் போயிருந்தால், ஊர் அதைத்தான் பேசும்.

இன்னொரு ஆபத்து, பாதியில் நிற்பது. இரண்டாம் வருடத்தில் பணம் முட்டிப் படிப்பை விட்டால் கையில் சான்றிதழ் இருக்காது, வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். டிகிரியில் முதல் வகுப்பு எடுத்தால் பி.டி.பி.டி.என். திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு என்று சேர்க்கைக் கவுண்டரில் அழகாகச் சொல்வார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அதை வரவுக் கணக்கில் எழுதிவிட்டுச் சேராதீர்கள்.

பதில்: மில்_சார்ஜ்மேன்

கணக்கு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தம்பிக்குக் கிடைத்திருப்பது மின்பொறியியல். இந்தத் துறையில் கல்லூரிப் பேரை விட சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் கனமானது. வயர்மேனுக்கு பி.டபிள்யூ.2 ஒற்றைப் ஃபேஸ், பி.டபிள்யூ.4 மூன்று ஃபேஸ். மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்கும் சார்ஜ்மேனில் ஏ வகை குறைந்த அழுத்தத்துக்கு, அதாவது 1,000 வோல்ட் வரை. பி வகை 11,000 வோல்ட் போன்ற உயர் அழுத்தத்துக்கு.

உங்கள் அப்பா மில்லில் இருப்பதால் அவருக்கு இது சட்டென்று புரியும். செம்பனை மில் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, டர்பைன் சுழற்றித் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. அங்கே பாய்லர் பக்கம் ஜே.கே.கே.பி. (தொழிலிடப் பாதுகாப்புத் துறை) சான்றிதழ் உள்ள ஸ்டீம் டிரைவரும் ஸ்டீம் இன்ஜினியரும், மின்சாரப் பக்கம் சார்ஜ்மேனும் இருந்தே ஆக வேண்டும். சட்டம் கேட்கிற ஆள். மேனேஜர் அவரை உட்கார வைத்துப் பேசுவார்.

பிள்ளைகள் கோட்டை விடுவது அனுபவக் கடிதத்தில். தகுதித் தேர்வுக்குப் போகும்போது படிப்போடு, வேலையிடத்தில் எந்த வகை இயந்திரத்தில், எத்தனை வோல்ட்டில், எவ்வளவு காலம் வேலை செய்தாய் என்பதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். கம்பெனி மாறும்போது வாங்காமல் வந்துவிட்டுப் பிறகு அலைவார்கள். பழைய கம்பெனி மூடியிருந்தால் அந்த அனுபவமே போச்சு. தம்பி இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் இடத்தையும் இதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆபீசில் ஃபைல் அடுக்கும் இடம் வேண்டாம். சுவிட்ச்போர்டு, மோட்டார், ஜென்செட் தொடுகிற இடமாக இருக்கட்டும்.

பதில்: ஓய்வாசிரியர்

மற்றவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேரும் பாதையும் நிஜமாகவே எடை போடும் துறைகள் சில உண்டு. அதை மறைத்தால் நாளைக்குப் பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள்.

சட்டம் படித்தால், சில பல்கலைக்கழகங்களின் பட்டம் நேராக வழக்கறிஞர் பயிற்சிக்குக் கொண்டுபோகும். மற்றவற்றில் படித்தவர் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். அது சுலபத் தேர்வு அல்ல. மருத்துவத்தில் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தாதிமைக்குத் தாதியர் வாரியத்தின் தேர்வும் பதிவும் வேண்டும். பொறியியலில் இன்னும் நுணுக்கம். 'பொறியியல் பட்டம்' என்றால் பொறியியல் அங்கீகார மன்றமான ஈ.ஏ.சி.யின் அங்கீகாரம் பார்த்து, பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். 'பொறியியல் தொழில்நுட்பப் பட்டம்' வேறு. அது தொழில்நுட்பவியலாளர் வாரியமான எம்.பி.ஓ.டி. பக்கம், பட்டதாரித் தொழில்நுட்பவியலாளர் என்று போகும். இரண்டும் மதிப்புள்ளவைதான். ஆனால் வீட்டில் 'இன்ஜினியர்' என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் பட்டமளிப்பு நாளில் வித்தியாசம் தெரிந்தால் பிள்ளைக்குத்தான் வலி. சேரும் முன் பட்டத்தின் முழுப் பேரையும் வாசியுங்கள்.

அரசாங்க வேலையில் நிலை தெளிவு. எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவுக்குப் பழைய கிரேட் 29, 2024 டிசம்பரிலிருந்து அது கிரேட் 5. பட்டதாரிக்குப் பழைய 41, இப்போது 9. விண்ணப்பத்தில் பார்ப்பது அங்கீகாரமும் புள்ளியும்.

பெண் கேட்டுப் போகும் விஷயம் பற்றி. மாமா பயப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் 'டிகிரி' என்ற ஒரு சொல்லை எதிர்பார்க்கிறார்கள், குறிப்பாகப் பெண் பட்டதாரியாக இருந்தால். ஆனால் அவர்கள் கேட்பது டிகிரி இருக்கிறதா என்று. எந்தக் கல்லூரி என்று இரண்டாவது கேள்வி வருவது மருத்துவர், வழக்கறிஞர் வீடுகளில்தான். தம்பிக்கு அந்தச் சொல் வேண்டுமென்றால் டிப்ளோமாவுக்குப் பிறகும் வாங்கலாம். பிறந்த தோட்டத்தையும் குலத்தையும் விசாரிக்கிறவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் விசாரிப்பார்கள். அவர்களுக்காக அப்பாவின் சேமிப்பைச் செலவழிக்க வேண்டாம் மா.

கேள்வி: பேராக்_அக்கா

எல்லாருக்கும் நன்றி. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அப்போ டிகிரிக்கு எப்படிப் போவான், முதலிலிருந்து படிக்கணுமா?" என்றார். ஓய்வாசிரியர் ஐயா, கிந்தா அண்ணே, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? இந்த 3 வருடமும் வீணாகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

பதில்: கிந்தா_வழிகாட்டி

வீணாகாது. டிப்ளோமா முடிக்கும் வருடத்தில் யூ.பி.யூ.வில் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) மற்றும் அதற்குச் சமமானவர்கள் பிரிவில் விண்ணப்பிக்கலாம். யூடெம், யூ.டி.எச்.எம்., யுனிமாப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் போலிடெக்னிக் பிள்ளைகளை நன்றாகத் தெரிந்த இடங்கள். பார்ப்பது சி.ஜி.பி.ஏ., அதாவது மொத்தச் சராசரிப் புள்ளி. முதல் செமஸ்டரில் கணிதமும் சர்க்யூட் பாடமும் இழுத்துவிட்டால் பிறகு ஏற்றுவது சிரமம். அதனால் முதல் செமஸ்டரிலேயே அழுத்தம் கொடுக்கணும். மூயெட் ஆங்கிலத் தேர்வை டிப்ளோமாவின் கடைசி வருடத்துக்கு முன்பே எழுதி முடித்துவிடட்டும். அதை மறந்து ஒரு வருடம் காத்திருப்பவர்கள் நிறைய.

கிரெடிட் மாற்றம் உண்டு, ஆனால் தானாக வராது. டிப்ளோமாப் பாடத்தில் குறைந்தது சி கிரேட் வேண்டும், பல்கலைக்கழகத்தின் பாடத்தோடு 80 சதவீதம் உள்ளடக்கம் ஒத்துப்போக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குப் பாடத்திட்டம் வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் கொடுக்கும் பாடவிவரத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்த பிறகு பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய தாளைத் தேடிக் கொடுக்க ஆள் இருக்காது.

ஃபவுண்டேஷன் வழியில் 1 வருடமும் பொறியியல் டிகிரி 4 வருடமும் சேர்த்து 5. டிப்ளோமா வழியில் 3 வருடமும், மாற்றத்தைப் பொறுத்து டிகிரி 3 அல்லது 4 வருடமும். ஒன்றிரண்டு வருடம் கூடும், அதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் கையில் முழு டிப்ளோமா இருக்கும், வேலைக்குப் போகலாம்.

பதில்: ஓய்வாசிரியர்

ஒரே ஒரு அவசரம். யூ.பி.யூ. இடத்துக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் இணையத்தில் ஏற்பைச் சொல்ல வேண்டும். சும்மா விட்டால் இடம் போய்விடும். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் 'இடம் பிடித்து வைக்க' முன்பணம் கேட்டால், திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். பதிவு நாளுக்கு எஸ்.பி.எம். சான்றிதழின் அசலும் நகலும், அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மருத்துவப் படிவத்தைக் கிளினிக்கில் கடைசி நாளில் கொண்டுபோய் நீட்டினால் எக்ஸ்ரே தாமதமாகும். இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.