முதல் சாணைக்கல்லில் ஏமாந்த கதை உங்களுக்கும் உண்டா?

அரைத்தூக்கம்
கல்லின் எண் (கூடக் கூட, கல் நைசாகும்) பெரிதானால் கூரும் கூடும் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே 6000 வாங்கிவிட்டேன். கத்தியோ மாதக்கணக்கில் மழுங்கிக் கிடந்தது. ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்ததில் அலகு பளபளவென்று ஆகி, என் மூக்கே அதில் தெரிந்தது. சரி என்று தக்காளி மேல் வைத்து இழுத்தேன். தோல் குழிந்ததே தவிரக் கிழியவில்லை. கத்தி வழுக்க, தக்காளி உருண்டு தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பளபளப்பை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

நடுநிசி
எனக்கு நேர் எதிர். 1000 கல்லில் தீட்டினேன், கை முடியையே வழித்தது. மறுநாள் பார்த்தால் வெங்காயத்துக்குக்கூட ஆகவில்லை. கல்லைத்தான் திட்டினேன். அப்புறம் விளக்குக்கு நேரே பிடித்தால், விளிம்பு நெடுக மெல்லிய இழை ஒன்று ஒரு பக்கமாக மடிந்து கிடக்கிறது. பிசிறு! முந்தின நாள் முடியை வழித்தது கத்தி இல்லை, அது.

கல்லுளிமங்கன்
6000-ஐ ஏன் குறை சொல்கிறீர்கள்? அது கடைசியில் மெருகு ஏற்றும் கல். பல் விழுந்த கத்திக்கு 400-க்குள், வெறுமனே மழுங்கியதற்கு 1000, ஆசை இருந்தால் அப்புறம் 3000, 6000. நடுநிசி, பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் இழுத்து அதைக் கழற்றியிருக்க வேண்டும்.

என் கதை சின்னது. ஒரு கல்லை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டேன், காலையில் குறுக்கே விரிசல். மக்னீசியாவால் பிணைத்த கல்லாம், மேலே தண்ணீர் தெளித்தாலே போதுமாம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எண்ணெய் ஊறிய கல்லுக்குத் தண்ணீர் ஒட்டாது, முதல் நாளே எண்ணெயா தண்ணீரா என்று முடிவு செய்துவிடுங்கள். உப்புத்தாளில் பி (P) என்ற எழுத்தோடு போட்ட எண்ணும் கல்லின் எண்ணும் ஒரே கணக்கு இல்லை. கோணம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அலகின் அகலம் 45 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. அளவுக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட 15 டிகிரி, 15 மி.மீ. தூக்கினால் 20. சந்தேகமாக இருந்தால் விளிம்பில் மார்க்கர் மையைப் பூசிக்கொண்டு தீட்டுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

சும்மா வந்தேன்
ஒரு கல் உடைந்ததற்காக எல்லாரையும் பயமுறுத்தாதீர்கள். என்னுடையது ஊறாவிட்டால் வேலையே செய்யாது. கால் மணி நேரம், குமிழி நிற்கும்வரை போட்டு வைப்பேன்.

கல் குழிவதைப் பற்றி யாருமே பேசவில்லையே? ஒரு வருடம் நடுவிலேயே தேய்த்திருக்கிறேன், தெரியவே இல்லை. ஒருநாள் கல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து நனைத்துத் தேய்த்தேன். ஓரத்துக் கோடுகள் உடனே போய்விட்டன. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் அப்படியே நிற்கிறது. அது போக அரை மணி நேரம் ஆனது. தோள்பட்டை கழன்றுவிட்டது.

அரைத்தூக்கம்
வேறு கல் வாங்குமுன் மார்க்கரைப் பூசிப் பார்த்தேன். அதே 6000, ஐந்தாறு இழுப்பு. மேலே சரிவில் மை சுத்தமாகப் போய்விட்டது. கடைசி விளிம்பில் மட்டும் தலைமுடி அளவுக்குக் கறுப்புக் கோடு, நுனியிலிருந்து பிடி வரைக்கும். அந்த ஞாயிறு முழுக்க விளிம்பைத் தொடவே இல்லை போலிருக்கிறது.

1000 வாங்கியாயிற்று. கல்லுளிமங்கன், அந்த 12 மி.மீ.க்கு எதையாவது முட்டுக் கொடுப்பீர்களா, கைக்கணக்குத்தானா?