பயத்தில் வந்த மனஸ்தாபம் (பாவத்துக்கான மனவருத்தம்) செல்லுமா?

பழைய கணக்கப்பிள்ளை:
இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்தவன் நான். மழை நாளில் ஈரத்துக்கென்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். ஒரு அக்காவுக்கு மட்டும் நாலு, ஐந்து என்று கழித்தேன். "தராசு முள்ளை எனக்கும் காட்டுங்க ஐயா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார், அந்தக் கோபம். கிலோ குறைந்ததால் எத்தனையோ நாள் அவருடைய முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகப் போனது. சண்டை போடமாட்டார். வெறுங்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போய்விடுவார்.

போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யத் தோன்றியது. செய்தேன். ஆனால் அழுகை வரவில்லை, நரக பயம்தான் இருந்தது. உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லும்போது அந்த 'உத்தம' என்ற சொல்லிலேயே நாக்கு தடுக்குகிறது. சுகமாக இருந்திருந்தால் வருந்தியிருப்பேனா?

மறைக்கல்வி டீச்சர்:
செல்லும் ஐயா. செய்த பாவத்துக்காக உள்ளம் நோவது, அதை வெறுப்பது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது: 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் மனஸ்தாபத்துக்குச் சொன்ன விளக்கம் இதுதான். கண்ணீரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நேசிப்பதால் வருந்தினால் அது உத்தமம். தண்டனைக்குப் பயந்து வருந்துவது அதைவிடக் குறைந்ததுதான். ஆனால் அதுவும் தூய ஆவியின் கொடை, பாவமன்னிப்பு பெற நம்மைத் தயார்படுத்துகிறது என்றே திருச்சபை படிப்பிக்கிறது. பாதரிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களே, பிறகென்ன?

லயத்துப் பையன்:
பிறகென்னவா? டீச்சர், நான் கொழுந்தெடுத்தவளின் மகன். அந்தக் கிலோக்கள் என்னவாச்சு? எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி ஏடே 1459ஆம் எண்ணில் சொல்கிறது. பைபிளில் வரும் வரி வசூலிக்கும் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததற்கு நாலு மடங்கு தருவதாகச் சொன்னான். ஐயா அழுதாரா இல்லையா என்பது எங்களுக்கு எதற்கு?

பழைய கணக்கப்பிள்ளை:
தம்பி சொல்வது சரி. அக்கா இறந்துவிட்டார். மகள் பண்டாரவளையில் இருக்கிறாள். காசை நீட்டினால் எதற்கென்று கேட்பாளே.

மறைக்கல்வி டீச்சர்:
தம்பி பிடித்த இடம் சரிதான், நான்தான் தாண்டிப் போய்விட்டேன். உரியவர் இல்லையென்றால் வாரிசுக்குச் சேரவேண்டும். நேரில் போக முடியாவிட்டால், பேர் சொல்லாமல் பாதர் மூலம் கொடுத்தனுப்பலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

பழைய கணக்கப்பிள்ளை:
நானே போகிறேன். கணக்குத்தான் உதைக்கிறது. மழை நாள் எத்தனை என்று இப்போது எப்படி எண்ண?

லயத்துப் பையன்:
அம்மாவைக் கேட்டேன். உங்கள் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் மழைதானாம். எல்லா நாளையும் எண்ணுங்க ஐயா, இன்றைய கிலோ விலைக்கு.