புதுப்பிப்பு: கெர்னலில் இல்லாத பாராமீட்டருக்கு ஒரு விளக்கம்

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றில், ஃபங்ஷனிலிருந்து எப்போதோ நீக்கிய பாராமீட்டருக்கு (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உள்ளீடு), அந்த ஃபங்ஷனுக்கு மேலேயுள்ள குறிப்பு இன்னும் விளக்கம் சொல்கிறதே, யாரும் பார்ப்பதில்லையா என்று முன்பு கேட்டிருந்தேன்.

பார்ப்பதற்குக் கருவியே இருக்கிறது. ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளுமாகத் தொடங்கும் குறிப்புகளை கெர்னல்-டாக் என்ற அந்தக் கருவி ஃபங்ஷனோடு ஒப்பிடும். கெர்னலைக் கட்டும் மேக் (make) கட்டளையில், கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் டபிள்யூ=1 (W=1) சேர்த்ததும் என் கோப்புக்கும் எச்சரிக்கை வந்து விழுந்தது. தினமும் அதை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

பெங்களூரு மாரத்தஹள்ளியில் உடன் வேலை பார்க்கும் மதுரைக்கார அண்ணன், “தம்பி, குறிப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேடு” என்றார். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) வரலாற்றில் பாராமீட்டரின் பெயரைத் தேடியதும் அந்த மாற்றம் அகப்பட்டது. அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளை எந்த மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறோம் என்று சொல்லும் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் சேர்த்து, டிரைவரின் பராமரிப்பாளருக்கே பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. அதே குறிப்பில் ‘லாக்கைப் பிடித்துக்கொண்டு அழைக்கவும்’ என்றொரு வரி (லாக் என்பது ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் தொடாமல் காக்கும் பூட்டு). இப்போதோ ஃபங்ஷனே உள்ளே லாக்கைப் பிடிக்கிறது. குறிப்பை நம்பி அழைத்தால் டெட்லாக்தான்: ஏற்கெனவே பிடித்த லாக்குக்காகவே காத்து நின்றுவிடும். பெயர்கள் பொருந்துவதால் கருவி இதற்கு வாயே திறக்கவில்லை. அழைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் அதற்கும் தனி பேட்ச் அனுப்புவேன்.