பழைய சதக்காசு தேடியவர்கள் சொல்லுங்கள்

வடலி:
தரம் ஆறில் படிக்கும் என் மருமகளுக்கு நாணயம் சேர்க்கும் ஆசை வந்திருக்கிறது. இப்போதைக்குக் கையில் இருப்பது கடையில் மிச்சம் வந்த ரூபாய்க் குற்றிகள்தான். முகநூலில் ஒருவர் மகாராணி தலை போட்ட காசு ஒன்றுக்கு ஐயாயிரம் கேட்கிறார். அவ்வளவு கொடுத்து வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்குத் தேடும் சந்தோஷம் எங்கே? யாழ்ப்பாணத்துக்குள்ளேயே தேடிப் பிடித்தவர்கள் இருப்பீர்கள். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள்.

நீர்வேலியான்:
கடைக்குப் போக வேண்டாம், முதலில் ஆச்சிமாரிடம் போங்கள். என்னிடம் இருப்பதில் பெரும்பாலானவை அம்மம்மாவின் தையல் மெஷின் லாச்சிக்குள் கிடந்தவை. மேலே பொத்தான்கள், துருப்பிடித்த ஊசிகள், யாரென்று தெரியாத ஒருவரின் பாஸ்போட் படம். எல்லாவற்றுக்கும் அடியில் சதங்கள்.

ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட ஒரு சதம்தான் கூடுதலாகக் கிடந்தது. 1937ஆம் ஆண்டுக் காசையும் 1943ஆம் ஆண்டுக் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்துக் காசு பாதி எடைதான், அவ்வளவு மெல்லிசு. அரைச் சதமும் இருந்தது. 1940க்குப் பிறகு அதை அடிக்கவே இல்லை. அம்மம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இதைக் கொடுத்துக் கச்சான் வாங்கியதைச் சொல்லத் தொடங்கினா. காசை விட அந்தக் கதைதான் நீளம். பிள்ளையை ஒரு கொப்பியோடு கூட்டிப் போங்கள், யார் கொடுத்தது, என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கட்டும்.

சதுர ஐந்து சதம் 1909இல் வந்தது. அதற்கு முந்திய விக்டோரியா ஐந்து சதம் பெரிய வட்டச் செம்பு, கையில் வைத்தால் கனக்கும். அதிலே மரத்தின் படமும் தமிழ் எழுத்தும் இருக்கும். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஓரம் நெளிந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் 1944இல் வந்தவை.

அந்த ஐயாயிரம் ரூபாய்க் காசு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். எலிசபெத் மகாராணியின் தலை நம் சில்லறையில் வந்தது இரண்டு சதத்தில் மட்டும்தான், அதுவும் 1955, 1957 என்று இரண்டே ஆண்டு. கேட்க அபூர்வம் மாதிரித் தெரியும். ஆனால் கணக்கு வழக்கில்லாமல் அடித்துத் தள்ளிய காசு அது. லாச்சிகளில் கிடக்கிறது, வாங்காதீர்கள்.

மல்லாகம் அக்கா:
சாமியறையை மறந்துவிட்டீர்களே தம்பி. எங்கள் வீட்டில் மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்காசு ஒன்று பலகாலம் கிடந்தது. நயினாதீவு அம்மனுக்கு மாமி நேர்ந்து வைத்தது. பிறகு யுத்தத்தால் 95 ஒக்டோபர் இடப்பெயர்வு, முடிச்சும் எங்களோடு சாவகச்சேரி வரை வந்து திரும்பியது. மாமி காலமான பிறகு அவிழ்த்தால் உள்ளே நெளிந்த பத்துச் சதங்களும் ஓட்டைக் காசு ஒன்றும். ஓட்டைக் காசு இந்தியாவில் 1943க்கும் 1947க்கும் இடையில் அடித்த ஒரு பைசா. இங்கே அதைச் சின்னப் பிள்ளைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டுவார்கள்.

எடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அதைப் போலப் பல மடங்கு புதுக்காசு கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போட்டுவிட்டுப் பழையதை மகனுக்குக் கொடுத்தேன். சின்னம்மா இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கரவெட்டி ஐயா:
சின்னம்மா சொல்வதுதான் சரி பிள்ளை. நேர்ந்த காசு நேர்ந்தவருடையதும் இல்லை, சாமிக்கு உரியது. மாற்றிப் போடுவதற்கு நாங்கள் யார்?

மல்லாகம் அக்கா:
ஐயா, சதத்தை இப்போது உண்டியலில் போட்டால் எண்ணுபவர்கள் ஒதுக்கி எறிந்துவிடுவார்கள். அம்மனுக்குப் பயன்பட்டது புதுக்காசுதானே.

கொழும்புத்துறை:
நான் நகைவேலைக்காரரிடம் தேடுபவன். கஸ்தூரியார் வீதிப் பக்கம் வயதான பட்டறைக்காரர் சிலர் இருக்கிறார்கள், உருக்க வந்த வெள்ளிக்காசில் ஒன்றிரண்டை மனமில்லாமல் எடுத்து வைத்திருப்பார்கள். ஐந்தாம் ஜோர்ஜ் ஐம்பது சதம் ஒன்றை எடைக்கு நிறுத்துத்தான் வாங்கினேன். ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்: 1917 வரை அடித்ததில் 80 சதவீதம் வெள்ளி, 1919இலிருந்து 55 சதவீதம்தான். எடைக்கு விற்பவருக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கல்யாண நாட்களில் போனால் ஏசித்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்று. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி, 1818 என்று ஒரு காசைக் கொண்டு திரிகிறார்கள். அரிசியை இழுக்கும், வீட்டில் வைத்தால் செல்வம் வரும் என்று கதை வேறு. கம்பனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கோயில் வாசலில் விற்ற வில்லை அது, சுத்த ஏமாற்று.

செம்மண்:
எங்கள் பக்கம் சுன்னாகம், கந்தரோடை. தோட்டம் கொத்தும்போது செம்பு வில்லைகள் வெளியே வரும் மண் இது. அப்பு ஒருதரம் மண்வெட்டியில் தட்டியதை எடுத்துக் கழுவினார். ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே ‘சேது’ என்ற எழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துக் காசு. பார்த்தவுடன் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் இது பிள்ளைக்கு வேண்டாம் வடலி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். மண்ணிலிருந்து வெளிவந்தால் அரசுக்குச் சேர வேண்டும். சேதுக்காசும் ஒல்லாந்தர் காசும் இதற்குள் வரும். டிடெக்டர் கருவியோடு காணிக்குள் இறங்குபவர்களைப் பொலிஸ் பிடிப்பதைச் செய்தியில் பார்க்கிறோமே. 1870இலிருந்து வந்த சதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, தொடங்குபவருக்கு அதுதான் நல்ல எல்லை. கந்தரோடைப் பொருட்களைப் பார்க்க ஆசை என்றால் நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

நீர்வேலியான்:
சொல்ல மறந்துவிட்டேன், மினுக்க விடாதீர்கள்! எங்கள் பெரியம்மா குத்துவிளக்கோடு சேர்த்து எல்லாச் சதத்தையும் பழப்புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தா. பளபளவென்று இருந்தது, சேர்ப்பவர் ஒருவரும் தொடமாட்டார்கள். செம்பு காலத்தோடு கறுத்து வருவதுதான் அதன் தோல். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பழைய மெல்லிய பிளாஸ்ரிக் உறைகளும் கூடாது, நாளடைவில் பச்சை பிடிக்கும். தடித்த காகித உறை போதும். கடற்காற்று அடிக்கும் வீடு என்றால் அலுமாரிக்குள் வையுங்கள்.

ஸ்காபறோ மச்சான்:
இங்கே கனடாவில் சதத்தை நிறுத்திவிட்டார்கள். 2012இல் கடைசியாக அடித்தார்கள், 2013 பெப்ரவரியோடு வங்கிகளுக்குக் கொடுப்பதும் நின்றது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் போத்தல் நிறையக் கிடக்கிறது. போன முறை ஊருக்கு வரும்போது ஒரு பை கொண்டு வந்தேன், பிள்ளைகள் கொட்டி ஆண்டு பார்த்தார்கள். அதில் 1943ஆம் ஆண்டுச் சதம் ஒன்றை எங்கள் ஊர்ச் சதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் அதே ஆறாம் ஜோர்ஜ்! கனடாச் சதத்தில் மறுபக்கம் மேப்பிள் இலை. அதிலிருந்து எங்கெங்கே அந்த மன்னர் ஆண்டார் என்று பெடியள் வரைபடத்தை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டில் சொந்தம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெட்டியில் எடை பிடிக்கும் என்று முதலில் முணுமுணுப்பார்கள்.

வடலி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மருமகளோடு என் பெரியத்தை வீட்டுக்குப் போனோம். லாச்சியில் ஒன்றும் இல்லை, அரிசிப் பெட்டிக்குள் ஒரு ரின்னில் இருந்தது. 1963க்குப் பிந்திய அலுமினியச் சதங்கள்தான் கூடுதல், கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. 1957 இரண்டு சதம் மட்டும் நாலைந்து இருக்கிறது. நீர்வேலியான் அண்ணை, உங்களிடம் 1955 கூடுதலாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாமா?

நீர்வேலியான்:
இருக்கிறது. கொஞ்சம் தேய்ந்தது, ஆண்டு வாசிக்கலாம். சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்கு வருவேன், பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவளே தெரிந்தெடுக்கட்டும்.