கோபத்தை அடக்கப் பழக ஏதும் வழி இருந்தால் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். எனக்குக் கீழே நான்கு பேர். வேலையில் குறை இல்லை, வாய்தான் பிரச்சினை.

போன கிழமை மாத முடிவுக் கணக்கில் ஒரு பிழை. புதிதாகச் சேர்ந்த பெடியனை எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். அவன் பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். பிளேன்டீ ஆறிக் கிடந்தது. பின்னேரம் பார்த்தால், பழைய தாளைக் கொடுத்ததே நான்தான். தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "பரவாயில்லை அக்கா" என்றான். ஆனால் இப்போது சந்தேகம் கேட்க என்னிடம் வருவதில்லை, மற்றவர்களிடம் போகிறான். அதுதான் உறுத்துகிறது.

உணர்வு நுண்ணறிவு பற்றித் தேடி வாசித்தேன். 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சாலொவேயும் ஜோன் மேயரும் எழுதியதன் சாரம்: தன் உணர்வையும் மற்றவர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அதை வைத்து யோசித்து நடப்பது. சரி, வாசிக்கச் சுகம். முகம் சூடேறும் அந்த அரை நிமிடத்தில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லையே! வந்த உணர்வுக்குப் பெயர் வைத்து எழுதலாம் என்று கொப்பி வாங்கினேன். மூன்று நாளும் 'எரிச்சல்' என்றே எழுதியிருக்கிறேன். (நித்திரை காணாது என்று எழுதியிருக்கலாம்.)

யாழ்ப்பாணத்தில் தமிழில் இதற்கு வகுப்போ உளவளத்துணையோ ஞாயிறுகளில் இருக்கிறதா? சூமில் என்றாலும் சரி.

அப்புறம், அந்தப் பெடியனிடம் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கலாமா, இல்லை அவன் இன்னும் கூசிப்போவானா?